மயிலம்மாள் மாற்றி வைத்த இருபத்து மூன்று விதைகள்

மயிலம்மாளுக்கு வாயைவிடக் கை முந்திக்கொள்ளும். இதைப் பெற்றவள் சொல்லியிருக்கிறாள், கட்டியவன் சொல்லியிருக்கிறான், மலேசியாவில் கெமாஸ் பக்கம் பத்து பெலா என்கிற ரப்பர் தோட்டத்தில் அவளோடு வேலை பார்த்த அத்தனை பேரும் சொல்லியிருக்கிறார்கள். ஒரு வேலை கண்ணில் பட்டால் போதும், யோசனை வந்து சேர்வதற்குள் கை அதை முடித்துவிட்டு அடுத்ததைத் தேடும். பதினான்கு வயதில் பால்மரம் சீவ உளி பிடித்த கை அது. பதினெட்டு வருஷம் மரம் மரமாக ஓடிய பிறகு, எழுபத்தொன்பதாம் ஆண்டு பால்மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய் எடுக்கிற செம்பனை வைத்தார்கள். உளியை வாங்கிக்கொண்டு முதுகில் மருந்து பம்பை மாட்டிவிட்டார்கள்.

மருந்தடிக்கிற வேலையைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்கிறவன் அதைச் செய்திருக்க மாட்டான். பதினாறு லிட்டர் களைக்கொல்லியை முதுகில் சுமந்து, சேறும் முள்ளும் மிதித்து, செம்பனை அடியில் புல்லைக் கருக்கிக்கொண்டே போக வேண்டும். பம்பு ஒழுகும். காற்று திரும்பினால் முகத்தில் அடிக்கும். மயிலம்மாளுக்கு இரண்டு பெருவிரல் நகமும் கறுத்து விழுந்தன. வெயில் ஏறினால் மூக்கிலிருந்து ரத்தம் வரும். முந்தானையால் துடைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போவாள். எட்டு வருஷம் இப்படி.

எண்பத்தேழாம் ஆண்டு தோட்டத்து நர்சரிக்குப் பின்னால் பழைய ஸ்டோரைக் கழுவி, வெள்ளையடித்து, விதை ஆராய்ச்சிக்கென்று ஒரு ரூம் ஆக்கினார்கள். சிரம்பானிலிருந்து ஒரு டாக்டர் வாரம் இரண்டு நாள் காரில் வருவார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, படித்து வாங்கிய டாக்டர். பெயர் தைலம்மை. சிரம்பானில் வட்டிக்கடை வைத்திருந்த செட்டியார் வீட்டுப் பெண், முப்பத்து மூன்று வயது. தோட்டத்துப் பெண்கள் அவருக்கு 'டாக்டர் ஆச்சி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆள் வேண்டும் என்று அவர் கேட்டபோது, ஆறாம் வகுப்பு வரை படித்தவள் என்ற ஒரே காரணத்தால் மயிலம்மாள் போனாள். முதல் நாள் அந்த ரூமில் ஃபேனுக்குக் கீழே நின்றபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. மூச்சு இழுத்தால் மருந்து நாற்றம் இல்லை, அதுதான் காரணம். இந்த ரூமை விட்டு மட்டும் என்னைப் பிரித்துவிடாதே தாயே என்று மாரியம்மனுக்கு அங்கேயே வேண்டிக்கொண்டாள்.

டாக்டர் ஆச்சி ஆராய்ந்தது செம்பனைக்கு இடையே மண்ணை மூட விதைக்கிற பயற்றுக்கொடி விதையை. மிளகைவிடச் சின்னது, கல் மாதிரி இருக்கும். வெந்நீரில் போட்டுத் தோலை இளக்கினால்தான் தண்ணீர் குடிக்கும். அப்புறம் ஈரத்தாள் விரித்த தட்டில் பத்துப் பத்தாக ஐந்து வரிசை அடுக்குவது, எத்தனை முளைத்தது என்று தினமும் எண்ணி எழுதுவது, இதுதான் மயிலம்மாளின் வேலை. பால் வாளி தூக்கியவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று முதல் மாதம் சிரிப்பாக இருந்தது.

சிரிப்பு நின்றது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று டாக்டர் மூன்று தட்டு வைத்தார். ஒன்றில் வெறும் தண்ணீர். மற்ற இரண்டிலும் வெவ்வேறு மருந்து கலந்த தண்ணீர். கையுறை போடாமல் தொடக்கூடாது என்று கண்டிப்பு.

"மயிலக்கா, வெதைக்குள்ள ஒரு குட்டிச் செடி தூங்குது, தெரியும்ல? அது எழுந்திரிச்சதும் என்னென்ன செய்யணும்னு உள்ள லெட்டர் இருக்கு. அதைப் படிச்சுப் படிச்சுத்தான் வேர் விடும், இலை விடும். இந்த ரெண்டாவது தட்டுல இருக்கிற மருந்து, புதுசா ஒரு லெட்டர்கூட எழுத விடாது. முளைக்குமா, முளைக்காதா? சொல்லுங்க பாப்போம்."

"எழுத விடலன்னா எப்படி ஆச்சி முளைக்கும்? முளைக்காது."

"பந்தயமா?"

"பந்தயம்தான் லா!"

மூன்றாம் நாள் காலை கதவைத் திறந்து இரண்டாவது தட்டைப் பார்த்தவளுக்கு மேல் மயிர் சிலிர்த்துப் போனது. விதைகள் வாய் பிளந்து, வெள்ளை வெளேரென்று வேர் நுனி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். நாற்பத்து நான்கு. "அடி ஆத்தி!" என்று வாய்விட்டுக் கத்திவிட்டாள்.

வெள்ளிக்கிழமை டாக்டர் வந்ததும் வராததுமாக வாசலிலேயே மறித்தாள். "நீங்க எழுத்தை நிறுத்திட்டதா சொன்னீங்களே, அப்புறம் எந்த லெட்டரைப் படிச்சு இது முளைச்சுது?"

தைலம்மை பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல முகம் மலர்ந்தார்.

"பழைய லெட்டரைப் படிச்சு. தாய்க்கொடி காயறதுக்கு முன்னாடியே எழுதி வெதைக்குள்ள வச்சுட்டுப் போயிருச்சு மயிலக்கா. அந்த லெட்டர் இருக்கே, ரொம்ப நொய்யான சாமான். சாதாரணமா சில நிமிஷம், சில மணி நேரம், அதுக்குள்ள கெட்டுப் போயிரும். ஆனா காஞ்ச வெதைக்குள்ள வருஷக்கணக்கா அப்படியே இருக்குது. புரோட்டீன்ல சில வகை அதைப் போய்க் கட்டிப் பிடிச்சுக்குது. கெட்டுப் போகவும் விடாது, நேரம் வராம படிக்கவும் விடாது. தண்ணி உள்ள எறங்கினதும் பிடி தளருது. அப்புறம்தான் படிப்பு, அப்புறம்தான் முளை. எந்தப் புரோட்டீன், எப்படிப் பிடிக்குது, யார் சொல்லி விடுதுன்னு உலகத்துல இன்னும் சரியா யாருக்கும் தெரியாது. அதைத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்."

பால்மரக் காலத்தில் விடியுமுன் எழுந்து, சோற்றைக் கட்டி ஆயாக்கொட்டகையில் பிள்ளையோடு வைத்துவிட்டு, அது கண் விழிப்பதற்குள் மரத்துக்கு ஓடிய நாட்கள் அவளுக்கு உண்டு. இந்தத் துளியூண்டு கொடியும் அதைத்தான் செய்கிறதா? தான் இருக்க மாட்டோம் என்று அதற்கு யார் சொன்னது? உள்ளங்கையில் பத்து விதையை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தாள். சாமி அறையில் நிற்கிற மாதிரி இருந்தது அவளுக்கு.

அந்த முளைகள் அதற்குமேல் வளரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நகத்தளவு வந்து நின்றுவிட்டன. தாய் கொடுத்தது எழுப்பி விடத்தான், அதற்கப்புறம் சொந்தமாக எழுத வேண்டும் என்றார் டாக்டர். மூன்றாவது தட்டில் இருந்தது வேறு மருந்து. இருக்கிற லெட்டரையும் படிக்க விடாத மருந்து. அதில் ஒரு விதைகூட அசையவில்லை. புத்தகத்தில் உள்ளபடியே நடந்தது. இதையே திரும்பத் திரும்ப, வேறு வேறு விதைச் சாக்கில், ஒரு வருஷத்துக்கு மேல் செய்தார்கள்.

இப்போது தோட்டத்து வழக்கம் ஒன்றைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அதற்குப் பெயர் சப்ளை. நட்ட வரிசையில் ஒரு கன்று செத்தால் அந்த இடத்தை வெறுமையாக விடக்கூடாது. செத்ததைப் பிடுங்கிவிட்டு நல்லதாக ஒன்றை அங்கே வைத்துவிட வேண்டும். துரை வந்து பார்க்கும்போது பொக்கைவாய் மாதிரி ஓட்டை தெரிந்தால் வேலையை மேற்பார்க்கிற மண்டோருக்கு ஏச்சு விழும், மண்டோரிடமிருந்து ஆட்களுக்கு அதைப்போல் இரண்டு பங்கு விழும். பால்மரமோ செம்பனையோ, வரிசை நிறைந்திருக்க வேண்டும். இருபத்தாறு வருஷத்தில் மயிலம்மாள் இந்த வேலையை எத்தனை ஆயிரம் தடவை செய்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள், இது தோட்டத்துப் பழக்கம்.

எண்பத்தொன்பதாம் ஆண்டு ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை, தலைமை ஆபீஸிலிருந்து துரை வருகிறார் என்று தோட்டமே அல்லோலகல்லோலப்பட்டது. நர்சரி மண்டோர் வீரமுத்து ரூமுக்குள் தலையை நீட்டினார். நல்ல மனுஷன்தான், பயம் பிடித்தால் மட்டும் வாலில் நெருப்புப் பிடித்த மாதிரி ஆடுவார்.

"என்னாக்கா இது, ஒரு தட்டு முழுக்க மொட்டையா கெடக்கு? துரை கார் கேட் கிட்ட வந்துருச்சு லா!" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

திங்கட்கிழமை வைத்த மூன்றாவது தட்டு மொட்டையாகத்தான் இருக்கும் என்று மயிலம்மாளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் அது தலைக்குத்தான் தெரியும், கைக்குத் தெரியாது. எந்தத் தட்டிலும் சேராத உபரி விதை ஒரு கிண்ணத்தில் முளை எடுத்துக் கிடந்தது. அவள் கை போய் மூன்றாவது தட்டிலிருந்து முளைக்காததைப் பொறுக்கியது, முளைத்ததை வைத்தது. உபரி இருபத்து மூன்று, அதோடு தீர்ந்தது. எடுத்த விதையைக் குழாயில் நன்றாக அலசி, பின்பக்கம் மணல் கொட்டியிருந்த இடத்தில் விரலால் கோடு கீறிப் புதைத்தாள். விதையைக் குப்பையில் எறிவது பாவம் என்பது அவள் எண்ணம். துரை கடைசியில் ரூமுக்குள் காலே வைக்கவில்லை. வாசலில் நின்று "குட், குட்" என்றுவிட்டுப் போய்விட்டார். அப்புறம் பந்தியில் பரிமாற ஆள் பற்றவில்லை என்று வீரமுத்து அவளைப் பங்களாவுக்கு இழுத்துப் போனார். தட்டு அவள் நினைவிலிருந்தே கழன்றுவிட்டது.

மறுநாள் டாக்டர் வந்தார். மூன்றாவது தட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். பிறகு மயிலம்மாளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சின்னப் பெண் மாதிரி குதித்தார்.

"முளைச்சிருக்கு மயிலக்கா! படிக்கவே விடாம முளைச்சிருக்கு! இருபத்து மூணு! எத்தனை தடவை வராதது இந்தச் சாக்குல வந்திருக்கு பாருங்க. அப்படின்னா வேண்டியது எல்லாமே முன்னாடியே செஞ்சு ரெடியா வச்சிருக்கிற வெதையும் இருக்கு. புத்தகத்தையே மாத்தி எழுதணும். திங்கக்கிழமை கோலாலம்பூர்ல மீட்டிங். எறநூறு பேர் முன்னாடி சொல்லப் போறேன். உங்க பேரையும் சேர்த்துச் சொல்லுவேன்."

மயிலம்மாள் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். நாளைக்குப் படம் எடுக்க வருகிறேன் என்று டாக்டர் பறந்துவிட்டார்.

சாயங்காலம் லயத்து வீடுகளின் குழாயடியில் புருஷன் நல்லசாமியிடம் சொன்னாள். அவர் செம்பனைக் குலை ஏற்றுகிற லாரியில் வேலை. குளித்துக்கொண்டிருந்தவர் வாளியை நங்கென்று வைத்தார்.

"சொல்லித் தொலைச்சிராத. அந்தம்மா மீட்டிங் பேசி முடிச்சா மறந்துரும். நீ வாயைத் தொறந்தா திங்கக்கிழமை மருந்து பம்பு உன் முதுகுலதான். மூக்குல ரத்தம் ஒழுகினது மறந்து போச்சா?"

"மறக்கல."

"அப்புறம் என்னா?"

ரூம் போய்விடும், அது நிச்சயம். ஆனால் டாக்டரின் முகம் கண்ணிலேயே நின்றது. அதைவிட இன்னொன்று அரித்தது. அந்தக் கொடி எழுதி, எதுவோ ஒன்று கட்டிப் பிடித்து, வருஷக்கணக்காக ஒரு பொய்யும் கலக்காமல் காத்து வைத்திருக்கிறதே. அதன் வாயில் நான் பொய்யை வைத்துவிட்டேனே என்று நினைத்தாள்.

சனிக்கிழமை காலை தைலம்மை கேமராவை ஸ்டாண்டில் மாட்டிக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

"ஆச்சி, அது முளைக்கல. நான்தான் வச்சேன்."

"என்ன வச்சீங்க?"

"சப்ளை போட்டுட்டேன். துரை வர்றாருன்னு. வேணும்னு செய்யல ஆச்சி, கை செஞ்சிருச்சு."

தைலம்மைக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆனது. புரிந்ததும் முகத்தில் ரத்தமே இல்லை. அப்புறம் வந்தது கோபம்.

"ரெண்டு வருஷ உழைப்பு மயிலக்கா! ரெண்டு வருஷம்! நான் அங்க போய் இதைப் பேசியிருந்தா என் கதி என்ன ஆகியிருக்கும்? இதுக்கு முன்னாடி எத்தனை தட்டுல இப்படிச் செஞ்சீங்க?"

"சத்தியமா இது ஒண்ணுதான். மாரியம்மா மேல ஆணை. எடுத்த வெதையைக்கூட நான் எறியல ஆச்சி, அதை வந்து..."

டாக்டர் கையை உயர்த்தினார். "போதும். போங்க."

திங்கட்கிழமை காலை, ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கிற பெரட்டில் வீரமுத்து பெயர் கூப்பிட்டார். "மயிலம்மா, மருந்து" என்று சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பம்பு முதுகில் ஏறியது. புதன்கிழமை மூக்கில் ரத்தம் வந்தது. அன்றைக்குச் சோறு நல்லசாமியே ஆக்கினார்.

ரூமுக்கு நர்சரியிலிருந்து சன்னாசி என்ற பையனைப் போட்டார்கள். நல்ல சுறுசுறுப்பு, சொன்ன சொல் தட்டாதவன். மீட்டிங்குக்குப் போகாமல் டாக்டர் அதே சோதனையைத் திங்கட்கிழமை புதிதாக வைத்தார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மயிலம்மாள் காலிப் பம்பைச் சுமந்துகொண்டு தண்ணீர் பிடிக்க ரூமின் பின்பக்கக் குழாய்க்கு வந்தாள். ஜன்னல் வழியே டாக்டரின் குரல் கேட்டது.

"சன்னாசி, மூணு தட்டுலயும் அம்பதுக்கு அம்பது முளைச்சிருக்கே, எப்படி?"

"நல்லா பாத்துக்கிட்டேன் டாக்டர். ஒரு ஓட்டைகூட விடல!" என்றான் அவன் பெருமையாக.

உள்ளே நாற்காலி இழுபடுகிற சத்தம்.

மயிலம்மாள் குழாயைத் திறக்கக் குனிந்தாள். அப்போதுதான் மணலைப் பார்த்தாள். அவள் விரலால் கீறிய அதே கோட்டில், தலை நிமிர்ந்து, இரண்டு இரண்டு பச்சை இலை விரித்துக்கொண்டு கன்றுகள் நின்றன. படிக்க விடாமல் வாய் கட்டிய விதைகள். செத்ததென்று அவள் பிடுங்கிப் போட்டவை. பம்பைக் கழற்றவும் தோன்றாமல் மணலில் மண்டியிட்டாள். "ஆச்சி! ஆச்சி, இங்க ஓடியாங்க!" என்று கத்தினாள். தான் துரத்தப்பட்டவள் என்பது அந்த நேரத்தில் அவளுக்கு நினைவில்லை.

தைலம்மை வந்தார். கண் சிவந்திருந்தது. "என்ன இது?"

"அன்னைக்கு எடுத்தது. அலசிட்டு இங்க வச்சேன். அதைச் சொல்லத்தான் வந்தேன், நீங்க போகச் சொல்லிட்டீங்க."

டாக்டர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார், நல்ல சேலை என்றுகூடப் பார்க்கவில்லை. ஒரு கன்றின் இலையை விரல் நுனியால் தொட்டார். குரல் தழைந்து போனது.

"நாலு நாள் மருந்துல ஊறிக் கெடந்தது மயிலக்கா. மருந்து கழுவிப் போனதும் விட்ட எடத்துலேர்ந்து எழுந்திரிச்சிருக்கு. அப்படின்னா லெட்டர் அழியல. தண்ணி குடிச்ச பெறகும், படிக்க முடியாத நாலு நாளும், அதை எதுவோ விடாம பிடிச்சு வச்சிருந்திருக்கு. கடவுளே. எத்தனை தட்டைக் குப்பையில கொட்டியிருக்கேன். கழுவிப் பாக்கணும்னு எனக்குத் தோணவே இல்லையே."

இரண்டு பேரும் கன்றுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறியது. சன்னாசி ஜன்னலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் விளங்காமல் உள்ளே போய்விட்டான். இந்த அற்பக் கொடிக்கு இவ்வளவு பிடிவாதமா, யாருக்காக இந்தப் பிடிவாதம் என்று மயிலம்மாள் நினைத்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது, துடைக்கவில்லை.

பிறகு டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். முதுகில் பம்பு, மூக்கின் கீழே காய்ந்த ரத்தம், எல்லாவற்றையும் அப்போதுதான் பார்த்தார். பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

"எத்தனை வெதை எடுத்தீங்க?"

"இருபத்து மூணு."

"எத்தனை முளைச்சிருக்கு?"

மயிலம்மாள் கோட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை விரலை வைத்து எண்ணினாள். ஒரு தடவை எண்ணியதை மறுபடி எண்ணினாள். கடைசியிலிருந்து நாலாவது இடத்தில் விரல் நின்றது. மணல் வெறுமையாக இருந்தது. அங்கே ஒரு கன்றைப் பிடுங்கி நட்டால் யாருக்குத் தெரியும்? கை ஒரு கணம் அரித்தது. அவள் அதை மடியில் வைத்து இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"இருபத்திரெண்டு, ஆச்சி. இந்தா, இந்த ஒண்ணு முளைக்கல."

தைலம்மை அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எழுந்து அவள் பின்னால் போய், தோளில் பதிந்திருந்த பம்பு வாரை ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே கழற்றினார்.